கடைசி வாங்கில் இருக்கும் எங்கள் பிள்ளைகள்

(பொரளையில் நடைபெற்ற எமது சங்கத்தின் கிளைத் தலைவர்கள், மாதர் தலைவிமார் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



சம்பளம், வீடு, காணி என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்போது, விசேட தேவையுடைய பிள்ளைகளைப் பற்றிப் பேச ஒரு மணித்தியாலம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் பேச்சு முடியும்போது, சம்பளத்தையும் விடுமுறையையும் மொழியுரிமையையும் விட்டு நாம் எங்கேயும் போகவில்லை என்பது விளங்கும்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பொரளையில்தான் நாட்டின் பெரிய சிறுவர் வைத்தியசாலையான லேடி ரிட்ஜ்வே இருக்கிறது. 1895ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பசறையிலிருந்தும் இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இங்கே வந்து இறங்கும் தாய்மாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் எமது கிளைகளின் கடிதத்தோடு வருகிறவர்கள். அந்தக் குடும்பங்களோடு போய்வருவதில் நாம் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்று உண்டு. வெள்ளவத்தையில் வசதியான வீட்டில் பிறந்த பிள்ளை பேசத் தாமதித்தால் இரண்டு, மூன்று வயதில் வைத்தியரிடம் வந்துவிடுகிறது. எங்கள் பிள்ளை எட்டு வயதில், பத்து வயதில் வருகிறது. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஏறத்தாழ இதே கதிதான். வைத்தியசாலை பக்கத்தில் இருந்தும் வழி தெரிவதில்லை.

இரண்டு பிள்ளைகளுக்கும் இருக்கும் குறைபாடு ஒன்றுதான். கண்டுபிடிக்கப்படும் வயது வேறு. அந்த இடைவெளியைத் தீர்மானிப்பது பிள்ளையின் மூளை அல்ல. பெற்றோரின் தொழில், பேசும் மொழி, இருக்கும் இடம். நாம் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

இரண்டு வகை அநீதி

வளர்ச்சிசார் குறைபாடு என்றால் என்ன? ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு, பேச்சுத் தாமதம், வாசிப்பதிலும் எழுதுவதிலும் மட்டும் வரும் கற்றல் இடர்ப்பாடு, ஓரிடத்தில் கவனம் நிற்காமை என்று பலவற்றை இந்தப் பெயரின் கீழ் சொல்லலாம். இவை நோய் அல்ல, மருந்து கொடுத்து மாற்றுவதற்கு. ஆனால் சிறு வயதில் இனங்கண்டு, பிள்ளைக்கு ஏற்றபடி பேச்சுப் பயிற்சியும் கற்பித்தலும் கொடுத்தால் அந்தப் பிள்ளை தன் வேலையைத் தானே செய்யும், பேசும், படிக்கும், தொழிலும் பார்க்கும். காலம் தாழ்த்தினால் அதே பிள்ளை வாழ்நாள் முழுவதும் பிறர் கையை எதிர்பார்க்கும்.

தோட்டப் பாடசாலைகளில் நடப்பது இரண்டு வகை அநீதி. முதலாவது, உண்மையான குறைபாடு உள்ள பிள்ளை கண்ணில் படுவதில்லை. தொந்தரவு செய்யாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கும்வரை வருடம் தோறும் வகுப்பேற்றிவிடுகிறார்கள். தரம் 6இலும் தன் பெயரை எழுதத் தெரியாத பிள்ளை இருக்கிறது. பிறகு ஒரு நாள் அது பாடசாலைக்கு வருவதில்லை. ஏன் என்று கேட்க ஆளில்லை.

இரண்டாவது, குறைபாடே இல்லாத பிள்ளைக்குக் குறைபாட்டுப் பெயர் வைப்பது. ‘மண்டு’, ‘மந்தபுத்தி’, ‘தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் ஏறும்.’ கண் தெரியாத பிள்ளைக்கும், காதில் சீழ் வடியும் பிள்ளைக்கும், காலையில் வெறும் சாயத்தண்ணியோடு நடந்து வந்த பிள்ளைக்கும் இதே பெயர்தான்.

ஒரு குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். ஊர் பெயர் வேண்டாம். தரம் 3இல் படித்த மகனை ‘புத்தி குறைவு’ என்று சொல்லி, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வைத்தியசாலை ஒன்றில் சிங்களத்தில் கேட்ட கேள்விகளுக்குத் தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துத்தான், தமிழ் தெரிந்த வைத்தியர் ஒருவர் பிள்ளையின் காதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். பிள்ளைக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்கவில்லை. மற்றக் காது பாதிதான். முன்வரிசையில் உட்கார வைத்து, காதுக்கு மருத்துவம் செய்த பிறகு பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டது.

அதே பகுதியில் இன்னொரு பிள்ளை. கண் பார்த்துப் பேசாது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும். ‘காத்து சேட்டை’ என்று கோயில் கோயிலாகக் கொண்டு போனார்கள். ஒன்பது வயதில்தான் ஓட்டிசம் என்று தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு இல்லாத பெயர் வைக்கப்பட்டது. இன்னொரு பிள்ளைக்கு இருந்த குறைபாட்டுக்குப் பெயர் கிடைக்கவில்லை. இருவரையும் ஒழுங்காகப் பார்க்க ஆளில்லை என்பதுதான் இரண்டுக்கும் காரணம்.

இது நேற்று வந்ததல்ல

1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்தில் இருக்கும் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. பிள்ளை படித்தால் கொழுந்து யார் எடுப்பது என்று நினைத்தவர்களிடம் பாடசாலையை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? ஒரு மடுவம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்படித் திறக்கவில்லை. 1948இல் குடியுரிமையும் போனது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். ஒரு தலைமுறைக்கு மேல் பின்தங்கி ஓடத் தொடங்கினோம்.

ஆசிரியர் பற்றாக்குறை இன்றும் தீரவில்லை. 2014, 2015 காலத்தில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஏறத்தாழ 3,000 பேரை ஆசிரிய உதவியாளர்களாக எடுத்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 6,000 ரூபா. எங்கள் பிள்ளைகள்தான் அவர்களும். பயிற்சி இல்லாமல், பஸ் செலவுக்கும் போதாத கொடுப்பனவில், நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்புக்குள் அவர்களை அனுப்பினார்கள். அப்படியிருக்க, ‘பிள்ளையின் குறைபாட்டை ஏன் கண்டுபிடிக்கவில்லை’ என்று அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்வது எங்களால் முடியாது. அவருக்குக் கற்றுக் கொடுக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஏட்டில் இருக்கும் வழி, தோட்டத்தில் அறுபடும் இடம்

இந்த நாட்டில் பிள்ளையைக் கவனிக்க ஒழுங்கான ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. பிறந்தவுடன் கிளினிக் கொப்பி கொடுக்கிறார்கள். எந்த மாதத்தில் பிள்ளை சிரிக்க வேண்டும், உட்கார வேண்டும், பேச வேண்டும் என்று அதில் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பிள்ளைக் காம்பராவில் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். தரம் 1இல் சேர்ந்ததும் பிள்ளையை இனங்காணும் செயற்பாடுகளை ஆசிரியர் நடத்த வேண்டும். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை உண்டு. சந்தேகம் இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி ஊடாக ஆதார வைத்தியசாலைக்கும், அங்கிருந்து பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ பொரளைக்கோ அனுப்ப வேண்டும். இத்தனை படி இருக்கிறது. எங்கள் பிள்ளை எந்தப் படியில் விழுகிறது என்று பார்ப்போம்.

கிளினிக் கொப்பியில் நிறையும் ஊசியும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கும். பேச்சு, விளையாட்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தல் ஆகிய பகுதிகள் வெறுமையாக இருப்பதை நாம் பல கொப்பிகளில் பார்த்திருக்கிறோம். காலை பிரட்டுக்கு முன் பிள்ளையைக் காம்பராவில் விட்டுவிட்டு மாலையில் தூக்கிவரும் தாய்க்கு, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி தெரியாது. அந்த நேரம் முழுவதும் பிள்ளையைப் பார்ப்பவர் காம்பரா பொறுப்பாளர். முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அவர்தான். ஆனால் ஒருவர் கையில் இருபது பிள்ளைகள். பால் கரைக்கவும் தூங்க வைக்கவுமே நேரம் சரி.

அடுத்தது நாட்சம்பளம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கிளினிக் போனால் அன்றைய பேர் இல்லை. பொரளைக்கு வந்தால் இரண்டு பேர் இல்லை, பஸ் காசு வேறு, துணைக்குக் கணவர் வந்தால் அவருடைய பேரும் இல்லை. இது ஒரு முறையோடு முடிவதில்லை. பேச்சுப் பயிற்சி என்றால் கிழமைக்கொரு முறை, மாதத்துக்கொரு முறை என்று வரச் சொல்வார்கள். இரண்டாம் முறை வராத தாயைப் பற்றி, ‘இவர்களுக்கு அக்கறை இல்லை’ என்று துண்டில் எழுதிவிடலாம். அக்கறைக்கு எவ்வளவு செலவாகும் என்று அந்தத் துண்டில் இருக்காது.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 31 வீதத்துக்கு மேல். போசாக்குக் குறைந்த பிள்ளை சோர்ந்திருக்கும், மெதுவாகப் பேசும், கவனம் சிதறும். வகுப்பறையில் அது கற்றல் குறைபாடு போலவே தெரியும். மறுபக்கம், உண்மையில் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளையை ‘போசாக்குக் குறைவுதான், வளர வளரச் சரியாகிவிடும்’ என்று திருப்பி அனுப்புவார்கள். பசி இப்படி இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

எந்த மொழியில் கேட்கிறார்கள்?

கொழும்பு மருத்துவ பீடத்தின் சிறுவர் உளநல மருத்துவப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைகளைப் பார்த்ததில், 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் இருப்பது தெரிந்தது. அதில் இன்னொரு முக்கிய விஷயமும் வெளிப்பட்டது. வெளிநாட்டில் தயாரான கேள்வித்தாளைத் தாய்மாரிடம் கொடுத்துக் கேட்டபோது, ஓட்டிசம் இருந்த நால்வரில் ஒருவரைத்தான் அது பிடித்தது. தாய்மார் பொய் சொல்லவில்லை. கேள்வி என்ன கேட்கிறது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிற்பாடு அதே பேராசிரியர் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை இந்த நாட்டுக்கென உருவாக்கினார்.

கொழும்பை அண்டிய தாய்மாரிடமே இந்த நிலை என்றால், வேறொரு மொழியில், அவசரத்தில், வெள்ளைக் கோட்டைக் கண்டாலே பயப்படும் எங்கள் தாயிடம் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கும்? ‘ஆமாங்க ஐயா’ என்பதுதான் கிடைக்கும். வீட்டில் பேசும் தமிழ் வேறு, பாடப் புத்தகத் தமிழ் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. ‘கதிரை’, ‘மேசை’ படத்தைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். லயன் காம்பராவில் பலகையில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை பேசாமல் நின்றால், அதற்குப் பேச்சு வராது என்று எழுதலாமா?

இந்தப் பிரச்சினையில் நாம் தனியாக இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்களான மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களின் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் பரீட்சித்து, புத்தி குறைந்தவர்களுக்கான வகுப்பில் போட்டார்கள். தாய்மொழியான ஸ்பானிய மொழியில் மறுபடி பரீட்சித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரியவர்களே அல்ல என்று தெரிந்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1970இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, பிள்ளையை அதன் வீட்டு மொழியில் பரீட்சிக்க வேண்டும் என்றானது. அதே மாநிலத்தில் கறுப்பினப் பிள்ளைகளை நுண்ணறிவுப் பரீட்சையைக் கொண்டு அப்படி ஒதுக்குவதை 1979இல் நீதிமன்றம் தடுத்தது.

இங்கிலாந்தில் 1971இல் பெர்னார்ட் கோர்ட் என்ற கிரெனடா நாட்டு ஆசிரியர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பிரித்தானியாவின் பஸ்களையும் ஆஸ்பத்திரிகளையும் ஓட்டுவதற்கு வந்த மேற்கிந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளை எப்படி ‘கல்வியில் தரம் குறைந்தவர்கள்’ என்று முத்திரை குத்தித் தனிப் பாடசாலைகளுக்குத் தள்ளினார்கள் என்பதை அவர் எழுதிக் காட்டினார். அதன் பிறகு பெற்றோர் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகக் கூடினார்கள். சனிக்கிழமைப் பாடசாலைகளைத் தாங்களே நடத்தினார்கள்.

கடல் கடந்து கூலிக்குப் போன சனத்தின் பிள்ளைகளுக்கு எங்கே போனாலும் இது நடந்திருக்கிறது. மாற்றம் வந்த இடத்தில் எல்லாம் பெற்றோர் கூட்டாக நின்றிருக்கிறார்கள். கூட்டாக நிற்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெட்கத்தால் வரும் இழப்பு

லயத்தில் இன்னொரு சுவர் இருக்கிறது. ‘அக்காவுக்கு மாப்பிள்ளை வராது’ என்று தம்பியைக் காம்பராவுக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். ‘போன பிறவிப் பாவம்’ என்று தாயை மாமியார் ஏசுகிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக அந்தத் தாய் கூசுகிறார். மறைத்து வைத்த பிள்ளைக்கு கிளினிக் கொப்பியும் இல்லை, பாடசாலைப் பதிவும் இல்லை, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் கொடுப்பனவும் இல்லை. இதைக் குடும்ப விஷயம் என்று விட்டுவிட முடியாது. குடித்துவிட்டு அடிப்பதையும் ஒரு காலத்தில் குடும்ப விஷயம் என்றுதான் சொன்னார்கள். மாதர் தலைவிமார் கதவைத் தட்டிய பிறகுதான் அது மாறத் தொடங்கியது.

சட்டம் எங்கள் பக்கம்

பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று தலைவர்கள் கேட்கிறார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று 2016இல் ஒழுங்குவிதி வந்தது. குறைபாடுள்ள பிள்ளையும் அந்த வயதுக்குள்தான் வருகிறது. அதே 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. தமிழ் அரசகரும மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் பதில் பெறுவது எங்கள் உரிமை. ‘வேறு இடம் பாருங்கள்’ என்று வாயால் சொல்வதை ஏற்க வேண்டாம். அதை எழுத்தில், தமிழில், கையொப்பத்தோடு கேளுங்கள். பல இடங்களில் அந்தக் கேள்வியோடே கதவு திறக்கும்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்

கம்பனிகளிடம்: குறைபாடுள்ள பிள்ளையைக் கிளினிக்குக்கும் பயிற்சிக்கும் கொண்டுபோகும் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்றைய முழுப் பேர் போட வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதையும் வைப்போம். பிள்ளைக் காம்பரா பொறுப்பாளர்களுக்குப் பிள்ளையின் வளர்ச்சியை இனங்காணும் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்கேற்ப ஆட்களையும் கூட்ட வேண்டும்.

கல்வி அமைச்சிடமும் மாகாண சபையிடமும்: தோட்டப் பாடசாலைகள் உள்ள ஒவ்வொரு கல்வி வலயத்துக்கும் தமிழ்மொழி மூல விசேட கல்வி ஆசிரியர்கள் போதிய அளவில் வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலிருந்தும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலிருந்தும் வெளிவரும் ஒவ்வொருவரும் இனங்காணும் பயிற்சியோடு வர வேண்டும். கண்ணையும் காதையும் பரிசோதிக்காமல் எந்தப் பிள்ளைக்கும் ‘புத்தி குறைவு’ என்று பதிவு எழுதக் கூடாது. பெற்றோருக்குத் தமிழில் விளக்கி, அவர்கள் சம்மதித்த பிறகே பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்ற வேண்டும்.

சுகாதார அமைச்சிடம்: மலைநாட்டு வைத்தியசாலைகளில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கும் நாட்களில் தமிழ் பேசும் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். பேச்சுச் சிகிச்சை படிக்க எங்கள் இளைஞர் யுவதிகளை ஊக்குவிக்கும் புலமைப்பரிசில் வேண்டும். மாதத்துக்கு ஒரு நாளாவது நிபுணர்கள் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கம் வந்து பார்த்தால், நூறு தாய்மார் பொரளைக்கு இரவு பஸ் ஏற வேண்டியதில்லை.

நாளைக்கே தொடங்க வேண்டிய வேலை

கோரிக்கை எல்லாம் நிறைவேறும்வரை பிள்ளையின் வயது நின்றுகொண்டிருக்காது. ஆகவே கிளைகள் உடனே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

ஒன்று. ஒவ்வொரு டிவிசனிலும் மாதர் தலைவி லயம் லயமாகப் போய், 5 முதல் 16 வயதுக்குள் பாடசாலை போகாத பிள்ளைகள் யார், ஏன் போவதில்லை என்று எழுதி எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கிளினிக் கொப்பியையும் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, பேசிய பேச்சை விட்டுவிட்ட பிள்ளை என்றால் அடுத்த கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள். ‘அவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்’ என்ற சமாதானம் வேண்டாம். காட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நட்டமில்லை.

இரண்டு. பாடசாலை மருத்துவப் பரிசோதனை இந்த வருடம் நடந்ததா என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் போடுங்கள். கடிதத்தின் பிரதியொன்றை எமக்கும் அனுப்புங்கள்.

மூன்று. பொரளைக்கு வரும் குடும்பங்கள் வருவதற்கு முன் அறிவித்தால், கொழும்புக் கிளைத் தோழர்கள் மொழிபெயர்ப்புக்குக் கூட வருவார்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் இரு மொழியும் தெரிந்தவர்கள் இந்த வேலைக்குப் பெயர் தர வேண்டும். வைத்தியர் சொன்னதைத் தமிழில் எழுதித் தாயின் கையில் கொடுத்த பிறகே அவரைப் பஸ் ஏற்ற வேண்டும்.

நான்கு. ‘மண்டு’, ‘லூசு’, ‘பைத்தியம்’ என்ற சொற்களை எமது கூட்டங்களிலும் கிளைகளிலும் யாரும் பாவிக்கக் கூடாது. எங்களை ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்னவர்களோடு எத்தனை வருடம் சண்டை போட்டோம்? பெயர் வைப்பது என்ன செய்யும் என்று எங்களை விட யாருக்குத் தெரியும்?

தோழர்களே, நூறு பேர் கொழுந்து எடுக்கும் மலையில் ஒருவருடைய நிறையைக் குறைத்துப் போட்டால் அந்த ஒருவருக்காகத் தராசடியில் எல்லோரும் நிற்கிறோம். பிள்ளையை நிறுக்கும் தராசும் பிழையாக இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் சந்தாக் கணக்கோடு இந்தப் பிள்ளைகளின் பட்டியலையும் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.